மேடைக்கு முன்னால் இருந்த சனத்தை யார் எழுதினது?

பச்சைமட்டை (புதுக்குடியிருப்பு)

எல்லோருக்கும் வணக்கம். போன கிழமை மடிக்கணினியில் இடம் போதாமல் பழைய கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தேன். 2024 ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் நான் பிரதேச நிருபராகப் பத்திரிகைக்கு அனுப்பிய செய்திகள் மொத்தமாக அகப்பட்டன. 27 செய்தி. சும்மா வகை பிரித்துப் பார்த்தேன். 21 செய்தி "இன்னார் வந்தார், இன்னது சொன்னார்". மூன்று, பதாகை கிழித்த தகராறு. ஒன்று கட்சி தாவல், ஒன்று தபால் வாக்களிப்பு. வாக்காளர் ஒருவர் வாய் திறந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். அதிலும் அவர் கதைத்த பந்தி வெட்டுப்பட்டுத்தான் அச்சில் வந்தது.

வாக்குச்சீட்டில் 39 பெயர் இருந்தது. ஒருவர் இடையில் காலமானதால் போட்டியிட்டவர்கள் 38 பேர். என் செய்திகளில் வந்தவர்கள் ஐந்து பேர்.

அடுத்த மாதம் எங்கள் பக்கத்தில் புதிதாக நிருபராகிற பொடியளுக்கு, பெட்டையளுக்கு, தேர்தல் செய்தி பற்றி ஒரு மணி நேரம் கதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல். (அதற்குள் ஜனாதிபதி முறையையே ஒழித்துவிடுவார்களாம். 1994இல் இருந்து கேட்கிற கதை, விடுங்கள்.) எப்படி எழுதக் கூடாது என்பதற்கு என்னிடம் 27 சாட்சி இருக்கிறது. எப்படி எழுதுவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேய்ந்தபேனை (வவுனியா)

தம்பி, எண்ணிப் பார்த்தீரே, அதுவே பெரிய விஷயம். நான் முப்பது வருஷமாக எழுதுகிறேன், எண்ணவே பயம்.

முதலில் வயிற்றுக் கதையைக் கதைப்போம். பயிற்சிக்கு வருகிற வளவாளர்கள் நடுநிலை, நெறிமுறை என்று படம் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிரதேச நிருபருக்குச் சம்பளம் இல்லை, அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு என்பதை ஒருவரும் சொல்வதில்லை. முல்லைத்தீவில் இருந்து துணுக்காய்க்கு மோட்டார் சைக்கிளில் போய் வர எரிபொருளுக்கே அந்தச் செய்தியின் காசு காணாது. அப்போது கட்சி அமைப்பாளரின் வான் வருகிறது. "அண்ணை, ஏறுங்கோ." ஏறினால் மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலும் வரும். பார்சலைச் சாப்பிட்ட கையால் "கூட்டத்தில் பாதிக் கதிரை வெறுமை" என்று எழுத வருமோ? எனக்கு வரவில்லை. ஒரு தடவை அப்படித்தான் "ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்" என்று எழுதினேன்.

அடுத்த நாள் சந்தியில் கதிரை வாடகைக்குக் கொடுக்கிறவரைக் கண்டேன். சிரித்தார். "அண்ணை, நான் இறக்கினது 600 கதிரை. அதிலை 150 அடுக்கினபடியே திரும்பி வந்தது." வெட்கக்கேடு.

அன்றிலிருந்து கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போவேன். கதிரை எத்தனை, எந்தக் கடை. பஸ் எத்தனை, எந்த ஊர். சில பஸ்ஸில் வழித்தடப் பலகையைக் கழற்றவே மாட்டார்கள், அதுவே சொல்லிவிடும் சனம் எங்கிருந்து வந்ததென்று. பின்வரிசையில் இருக்கிற அம்மா ஒருவரிடம் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துக் கதைத்தால், கூட்டத்துக்கு வரச்சொல்லி யார் சொன்னது, எந்தப் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் முழுக் கதையும் வரும். சமுர்த்தி, அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணச் சொற்கள் அந்தக் கதையில் வந்தால் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும்.

வன்னிலைவ் (கிளிநொச்சி)

அண்ணை சொல்வது சரி. ஆனால் சனம் பார்க்கிறது அதை இல்லையே. நான் யூடியூப் செய்கிறேன். ஒரு வேட்பாளர் மேடைக்கு ஏறுகிற 40 செக்கன் காணொளிக்கு வந்த பார்வையில் பத்தில் ஒரு பங்குதான், வட்டக்கச்சி விவசாயிகளிடம் உரப் பிரச்சினை கேட்டு இரண்டு நாள் அலைந்து எடுத்ததற்கு வந்தது.

தேய்ந்தபேனை (வவுனியா)

பத்தில் ஒரு பங்கு வந்ததல்லவா. என் கட்டுரையை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

இருமொழி (செட்டிகுளம்)

ஒருவரும் கதைக்காத ஒன்றைச் சொல்கிறேன். மேடை மொழிபெயர்ப்பு.

வன்னிக்கு வருகிற பெரிய வேட்பாளர்கள் அநேகமாகச் சிங்களத்தில் கதைக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று தமிழாக்குவார். அவர் யார்? கட்சி ஆள். நிருபர்கள் குறிப்பு எடுப்பது யாருடைய பேச்சை? அந்தக் கட்சி ஆளுடைய பேச்சை. மறுநாள் தலைப்பு மட்டும் வேட்பாளர் பெயரில் வரும்.

நானே காதால் கேட்டது இது. இராணுவம் பிடித்து வைத்திருக்கிற காணிகளின் விடுவிப்புப் பற்றி ஒரு பெரியவர் எழும்பிக் கேட்டார். வேட்பாளர் சிங்களத்தில் சொன்னது "அபி பலமு". பார்ப்போம், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து "நாங்கள் வந்தவுடன் நிச்சயமாகச் செய்து தருவோம்" என்றார். சனம் கைதட்டியது. கைதட்டலைக் கேட்டு வேட்பாளரும் சந்தோஷமாகக் கையசைத்தார், தான் என்ன வாக்குறுதி கொடுத்தேன் என்று தெரியாமலே. அடுத்த நாள் இரண்டு இணையத்தளங்களில் "காணிகள் விடுவிக்கப்படும் என உறுதி".

இது சின்ன உதாரணம். பெரிய உதாரணம் வேண்டுமென்றால் "ஏக்கிய" என்ற சொல்லை எடுங்கள். 2017 செப்டம்பரில் வந்த அரசியலமைப்பு இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய", தமிழில் "ஒருமித்த நாடு". இப்போது இருக்கிற அரசியலமைப்பின் தமிழிலோ அதே இடத்தில் "ஒற்றையாட்சி". ஒரே சிங்களச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு கருத்து, இரண்டு அரசியல். மேடையில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர் அதில் எதைத் தூக்குகிறார் என்பதை வைத்தே ஒரு வேட்பாளரை எங்கள் சனம் நல்லவர் என்றும் கெட்டவர் என்றும் முடிவெடுக்கிறது.

ஆகவே சிங்களம் தெரியாத நிருபர் ஒலிப்பதிவு செய்யட்டும், இரண்டு குரலையும். பிறகு சிங்களம் தெரிந்த யாருக்காவது போட்டுக் காட்டட்டும். வவுனியாவில் அப்படி ஆளுக்குப் பஞ்சமா? இன்னொன்று, அதே வேட்பாளர் அதே கிழமை அனுராதபுரத்திலோ அம்பாந்தோட்டையிலோ என்ன சொன்னார் என்பதையும் தேடி எடுக்க வேண்டும். மாங்குளத்தில் சொன்னதையும் மாத்தறையில் சொன்னதையும் அருகருகே போட்டாலே போதும், உங்கள் கருத்து ஒரு வரியும் தேவையில்லை.

பச்சைமட்டை (புதுக்குடியிருப்பு)

இருமொழி அண்ணை, என் 21இல் எத்தனை "அபி பலமு" என்று யோசிக்கவே தலை சுற்றுகிறது. எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான்.

காத்திருப்பு (வவுனியா)

நான் நிருபர் இல்லை, வீதியோரக் கொட்டிலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு இருக்கிற தாய்மாரில் ஒருத்தி. மகள்தான் இதைத் தட்டெழுதுகிறாள்.

2017 மாசியில் இருந்து இருக்கிறோம். தேர்தல் வந்தால் எங்களிடம் கமரா வரும். வருகிற பிள்ளையள் எல்லாரும் நல்ல பிள்ளையள்தான். ஆனால் கேட்பது ஒரே கேள்வி, "இந்த முறை யாருக்கு அம்மா போடுவீங்கள்?" சொல்லாவிட்டால் "படத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ" என்பார்கள். உயர்த்திப் பிடித்துப் பிடித்துக் கை உளைந்துவிட்டது. போன தேர்தலில் ஒரு பிள்ளை அழச் சொல்லியே கேட்டது.

எங்களிடம் கேட்க வேறு கேள்வி இருக்கிறது. காணாமல் போனோர் அலுவலகத்தில் இருந்து கடைசியாகக் கடிதம் எப்போது வந்தது? அதில் என்ன இருந்தது? எத்தனை தரம் வாக்குமூலம் கொடுத்தீர்கள், ஒவ்வொரு தரமும் என்ன மொழியில் எழுதினார்கள்? நான் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு வைத்திருக்கிறேன். கடிதங்கள் திகதிப்படி இருக்கின்றன. அந்தப் பையைத் திறந்து பார்த்த நிருபர் இதுவரைக்கும் ஒருவர்தான்.

எங்களோடு இருந்தவர்கள் கனபேர் செத்துப்போனார்கள். வேட்பாளரிடம் போய் மைக்கை நீட்டும்போது அந்தப் பையில் இருக்கிற ஒரு திகதியைச் சொல்லிக் கேளுங்கோ பிள்ளையள்.

தேய்ந்தபேனை (வவுனியா)

அம்மா, வணக்கம். நாளைக்கு வருகிறேன், கமரா இல்லாமல்.

மேசைக்காரன் (யாழ்ப்பாணம்)

நிருபரின் பந்தியை வெட்டுகிற பாவி நான்தான். அதாவது பச்சைமட்டையின் பத்திரிகையில் இல்லை, வேறொன்றில். எல்லாச் செய்தி மேசையிலும் ஒரே கத்தரிக்கோல்தான். இரவு ஒன்பதரைக்குப் பக்கம் மூட வேண்டும், விளம்பரம் வந்து விழும், வாக்காளரின் பந்தி கடைசியில் இருந்தால் அதுதான் போகும். எனவே தந்திரம் ஒன்று சொல்கிறேன். வாக்காளரை முதல் பந்தியில் வையுங்கள். "நெடுங்கேணியில் மூன்று முறை யானை வேலி கேட்டு மனுக் கொடுத்த விவசாயி, நேற்று நாலாவது முறையாக ஒரு வேட்பாளரிடம் அதையே கொடுத்தார்." இப்படித் தொடங்கினால் என்னால் வெட்ட முடியாது. வேட்பாளரின் உரை தானாகக் கடைசிக்குப் போகும், வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை.

இனி எங்கள் பக்கத்துப் பிழை. புவியியல். சனத்தின் வாயில் கிளிநொச்சியும் வன்னிதான். தேர்தல் கணக்கில் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு தொகுதி. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். 2024இல் வெளிநாட்டில் இருந்து ஒருவர் தொலைபேசியில் "வன்னி முடிவில் கிளிநொச்சியைக் காணவில்லை, ஒளிக்கிறார்களா" என்று என்னோடு சண்டை பிடித்தார். ஒரு சின்ன வரைபடம் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

எண்களையும் அவசரப்பட்டு இனக்கணக்காக மாற்றாதீர்கள். வன்னியில் சஜித் 95,000க்கு மேல் எடுத்து முதலாவது, ரணில் 52,000 சொச்சம், சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 36,000 சொச்சம், அநுர 21,000 சொச்சம். உடனே "வன்னித் தமிழர் சஜித் பக்கம்" என்று தலைப்பு வைக்க எனக்கும் கை துருதுருத்தது. ஆனால் மன்னாரிலும் வவுனியாவிலும் முஸ்லிம் வாக்கு இருக்கிறது, வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் சிங்கள வாக்கு இருக்கிறது. வாக்குச்சீட்டில் சாதி சமயம் எழுதியிருக்கவில்லை. எட்டே கிழமையில் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் வந்தது. செப்டம்பரில் நாலாவதாக வந்த திசைகாட்டி, அதாவது அநுரவின் கட்சி, வன்னியில் முதலாவதாக வந்து இரண்டு ஆசனம் எடுத்தது. அந்த மாற்றத்தை முன்கூட்டி மணந்தவர் எங்கள் மேசையில் ஒருவருமில்லை. நாங்கள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தோம், சலூனில் என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை.

ஒன்று மறந்துபோனேன். வன்னி வாக்காளர் எல்லாம் வன்னியில் இல்லை. 1990இல் விரட்டப்பட்ட மன்னார் முஸ்லிம்களில் பலர் புத்தளத்தில் இருந்துதான் வாக்களிக்க வருகிறார்கள். 2019 நவம்பர் 16 விடியப்புறம் அவர்கள் வந்த பஸ்கள் மீது தந்திரிமலையில் சுட்டார்கள். "எத்தனை பேர் செத்தது" என்று எங்கள் அலுவலகத்துக்கு அழைப்பு மேல் அழைப்பு. உயிரிழப்பு எதுவும் இல்லை. அதை உறுதி செய்து போட எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது, அந்த ஒன்றரை மணித்தியாலம் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது பற்றி இன்றைக்கும் எனக்கு மனவருத்தம் இல்லை. வருத்தம் வேறு. அந்தச் சம்பவத்துக்கு முன் அந்தச் சனத்தைத் தேடிப் புத்தளத்துக்கு நாங்கள் ஒருவரையும் அனுப்பியதே இல்லை.

வெண்கட்டி (மாங்குளம்)

நான் ஆசிரியர், தேர்தல் கடமைக்குப் போகிறவர். நிருபர்களிடம் எனக்கு ஒரே ஒரு முறைப்பாடு. வாக்கை எப்படிப் போடுவது என்று முன்கூட்டி யாராவது ஒழுங்காக எழுதியிருந்தீர்களா?

1982இல் இருந்து ஜனாதிபதித் தேர்தல் நடக்கிறது, இரண்டாம் விருப்பு வாக்கை (1, 2, 3 என்று இலக்கம் போடுகிறோமே, அதில் 1க்கு அடுத்தது) எண்ண வேண்டி வந்தது 2024இல்தான் முதல் தடவை. அநுர 42 வீதம், சஜித் 32 வீதம், பாதியைத் தாண்டியவர் இல்லை. அப்போது இந்த இருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெளியே. வெளியே போனவர்களுக்கு முதல் விருப்பைக் கொடுத்த சீட்டுகளை எடுத்து, அதில் 2 இந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேர்ப்பார்கள். 2 வேறு யாருக்காவது இருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். இதை எனக்குத் தெரிந்த தேநீர்க் கடையில் ஒருவர் "அநுரவுக்கு 1, சஜித்துக்கு 2 போட்டால் இரண்டு பேருக்கும் போய்ச்சேரும்" என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். சனம் தலையாட்டியது.

புள்ளடி (X) மட்டும் ஒருவருக்குப் போட்டால் செல்லும். புள்ளடியும் போட்டு மற்றவர்களுக்கு 2, 3 என்று இலக்கமும் போட்டால் செல்லாது. 1 இல்லாமல் 2 மட்டும் போட்டாலும் செல்லாது. நாடு முழுக்க 2024இல் நிராகரிக்கப்பட்டவை 3,00,300. எங்கள் ஊரில் ஒரு ஐயா "சங்குக்கு 1 போட்டால் 2 ஆருக்கு மாஸ்டர்?" என்று கேட்டார். கடமையில் இருக்கிற நான் பதில் சொல்லக் கூடாது. நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும், ஆருக்கு என்று இல்லை, எப்படி என்று.

வன்னிலைவ் (கிளிநொச்சி)

இது நல்ல காணொளி. வாக்குச்சீட்டு மாதிரி ஒன்று பெரிதாகக் கீறி வைத்து, கைவிரலால் காட்டி. அடுத்த முறை செய்கிறேன் சேர், நீங்கள் சரிபார்த்துத் தாருங்கள்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் 18 நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. 18 பின்னேரம் எடுத்த கூட்டத்தை வெட்டி ஒட்டி முடிய 19 காலை ஆகிவிட்டது, போட்டுவிட்டேன். அமைதிக் காலம் எனக்கு நினைவே இல்லை. ஒருவர் கீழே வந்து "தம்பி இது பிரசாரம்" என்று எழுதின பிறகுதான் எடுத்தேன்.

கடற்காற்று (முல்லைத்தீவு)

எல்லாம் சரி, ஒரு அடிப்படைக் கேள்வி. எங்கள் மண்ணில் எழுதினவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கொழும்பிலேயே 2010 ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முந்தி பத்திரிகையாளர் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். தமிழ்ப் பொது வேட்பாளர் ஒருவர் நிற்கும்போது தமிழ் நிருபர் எட்டி நின்று "ஒரு தரப்பு, மறு தரப்பு" என்று எழுதுவது எனக்குப் பொய்யாகப் படுகிறது. நாங்களும் அந்தச் சனம்தானே?

தேய்ந்தபேனை (வவுனியா)

அந்தச் சனம்தான். அதனால்தான் சனத்துக்குப் பொய் சொல்லக் கூடாது என்கிறேன்.

2024 ஆவணியையும் புரட்டாதியையும் நினைத்துப் பாரும். அரியநேத்திரன் தமிழரசுக் கட்சிக்காரர், ஆனால் சங்குச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். தமிழரசுக் கட்சி செப்டம்பர் 1 இங்கே வவுனியாவில் கூடி சஜித்துக்கு ஆதரவு என்றது. அதே கட்சியின் சிறீதரன் சங்குப் பக்கம். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிப்பு. இதில் "தமிழ்த் தரப்பு" எது? நாலையும் எழுத வேண்டும். எங்கள் ஊடகங்களை மட்டும் வாசித்த ஒருவர் வன்னியில் சங்கு முதலாவதாக வரும் என்றே நம்பியிருப்பார். மூன்றாவதாக வந்தது. சங்குக்குப் போட்ட 36,000 பேரின் கதையும் பெரிய கதைதான், அதைக்கூட நாங்கள் உணர்ச்சியில் எழுதினோமே தவிர, ஏன் போட்டார்கள் என்று போய்க் கேட்கவில்லை.

வாக்களிக்காததும் ஒரு முடிவு. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தது ஒன்றேகால் வீதத்துக்கும் குறைவு. மகிந்த வென்றது நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில். அந்த நாட்களில் நான் "மக்கள் புறக்கணித்தனர்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டேன். விரும்பிப் போகாதவர் எத்தனை பேர், போக விடாததால் போகாதவர் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. கேட்கப் பயம் என்பதும் உண்மை. கேட்காதது என் கணக்கில்தான் இருக்கிறது.

கடற்காற்று (முல்லைத்தீவு)

இதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் வேண்டும். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும்.

கறுத்தக்குடை (மல்லாவி)

நான் நாலு வருஷமாக எழுதுகிறேன், பெண். இரவுக் கூட்டங்களுக்குத் தனியே போய் வர முடியாது என்பதால் பகல் வேலை ஒன்றைப் பிடித்தேன். தகவல் அறியும் உரிமை விண்ணப்பம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 14 வேலை நாளுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வேட்பாளர் முந்தின தேர்தலில் எங்கள் பக்கத்துக்குச் சொன்ன வீதி ஒன்றைப் பற்றி, கோப்பு திறக்கப்பட்டதா, எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று ஒரு அலுவலகத்துக்குப் போட்டேன். முதலில் "விண்ணப்பம் கிடைக்கவில்லை" என்றார்கள். பதிவுத் தபால் துண்டை நீட்டினேன், கிடைத்துவிட்டது. ஒரு வரிப் பதில்: அப்படி ஒரு திட்டம் தொடர்பான கோப்பு இல்லை. அந்த ஒரு வரியோடு செய்தி போட்டேன். கூட்டத்துக்கே போகாமல் எழுதின அந்தச் செய்தியைத்தான் சனம் அதிகம் பகிர்ந்தது. பிரசாரம் தொடங்கின பிறகு போட்டால் பதில் வருவதற்குள் தேர்தல் முடிந்துவிடும், அதனால் மூன்று மாதம் முந்தியே போட வேண்டும்.

தேய்ந்தபேனை ஐயாவின் கதிரைக் கணக்குக்கு இன்னொரு பயன் இருக்கிறது. 2023இல் வந்த தேர்தல் செலவுச் சட்டப்படி 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று எல்லை வைத்தார்கள். மொத்தம் ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாய்க்கு மேல். முடிவு வந்து 21 நாளுக்குள் செலவு விவரம் கொடுக்க வேண்டும். கதிரை, பஸ், மேடை, ஒலிபெருக்கி என்று ஊருக்கு ஊர் நாங்கள் குறித்து வைத்திருந்தால், அவர்கள் கொடுக்கிற விவரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். நான் குறித்த கொப்பியை எறிந்துவிட்டேன்.

பாதுகாப்புப் பற்றியும் புதியவர்களுக்குச் சொல்லுங்கள். மேடையைப் படம் எடுக்கிற எங்களைப் படம் எடுக்கிற ஒருவர் எப்போதும் நிற்பார், சிவில் உடையில். எங்களோடு கதைத்த சனத்தையும் அவர் பார்க்கிறார். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி யாராவது கதைத்தால் அங்கேயே மைக்கை நீட்டாதீர்கள். வீட்டுக்குப் போங்கள், படலைக்கு உள்ளே.

பச்சைமட்டை (புதுக்குடியிருப்பு)

எல்லோருக்கும் நன்றி. ஒரு மணி நேரத்துக்கு இது கூடிப்போய்விட்டது. இரண்டு நாள் கேட்கப் போகிறேன். வெண்கட்டி சேர், இருமொழி அண்ணை, இரண்டு பேரும் வந்து கதைக்க முடியுமா? போக்குவரத்துச் செலவு மட்டும்தான் தருவார்களாம், அதுவும் அச்சில் வந்தால்தானோ தெரியாது.

இன்று பின்னேரம் எங்கள் ஊரில் கதிரை வாடகைக்குக் கொடுக்கிறவரிடம் போனேன். 2024இன் பில் புத்தகம் இருந்தால் பொடியளுக்குக் காட்டலாம் என்று. புத்தகம் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்: 450 கதிரை, இரண்டு கொட்டகை, ஒரு ஜெனரேட்டர். கீழே சிவப்புப் பேனையில் வட்டம். அந்தக் காசு இன்னும் வரவில்லையாம்.

யார் என்று கேட்டேன், சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன்.

"அடுத்த எலெக்சனுக்கும் கதிரை குடுக்கோணும், தம்பி" என்றுவிட்டுப் புத்தகத்தை மூடி லாச்சிக்குள் வைத்தார்.